ரத்தம் கொடுக்க ஐந்து நிமிடம், அப்புறம் பத்து வருடம்: மருத்துவ ஆய்வில் சேர நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கனமான பை, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் நிற்கிறார். “அக்கா, எங்க ஆய்வுக்கு உங்க வீடு செலக்ட் ஆகியிருக்கு.” பரிசு விழுந்திருக்கிறது என்று போனில் பேசுகிறவர்களின் பேச்சு மாதிரியே இருந்தது. உள்ளேயிருந்து மாமியார், “எதுவும் வாங்கறதில்லன்னு சொல்லும்மா” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, “நாங்க எதுவும் விக்கல பாட்டி, கொஞ்சம் ரத்தம்தான் வேணும்” என்றார்.

வில்லிவாக்கத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. அந்த ஆய்வில் சேர்ந்தேன், இன்றும் அதில் இருக்கிறேன். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் பலர் “சேரலாமா, ஏதாவது ஆயிடுமா, காசு தருவாங்களா” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோரும் பயப்படுவது ஊசிக்கு. ஊசி ஐந்து நிமிட வேலை. பெரிய ஆய்வுகள் நம்மிடம் உண்மையில் கேட்பது வருடங்களை. அதைக் கொடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

1. எந்த மாதிரி ஆய்வு என்று முதலில் கேளுங்கள்

‘ஆராய்ச்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. குழப்பிக்கொண்டால் தேவையில்லாத பயமும் வரும், தேவையில்லாத ஆசையும் வரும்.

முதல் வகையில் மருந்தே கிடையாது. அளப்பார்கள், கேட்பார்கள், கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், சில வருடம் கழித்து மறுபடி வருவார்கள். சென்னை இதற்குப் பழகிய ஊர். 1998 முதல் 2001 வரை இந்த நகரத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட ஐந்து லட்சம் பேரைச் சந்தித்து உயரம், எடை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களில் யார் எதனால் இறந்தார்கள் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் முக்கியமான கட்டுரை ஒன்று வெளிவந்தது 2018-இல். கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001-க்கும் 2003-க்கும் இடையில், அன்றைய 155 மாநகராட்சி வார்டுகளில் 46-ஐத் தேர்ந்தெடுத்து 26,001 பேரைச் சோதித்தது. அதே நிறுவனம் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க 1,13,043 பேரைப் பார்த்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று 2023-இல் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அந்த எண், யார் யார் வீட்டு வாசலிலோ அதிகாலையில் வெறும் வயிற்றில் நீட்டிய கைகளிலிருந்து வந்தது.

இரண்டாவது வகை, மருந்தோ தடுப்பூசியோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. இதில் யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சிலருக்குப் புது மருந்து, சிலருக்குப் பழைய மருந்து, சில ஆய்வுகளில் மருந்தே இல்லாத மாத்திரை. பல ஆய்வுகளில் உங்களுக்கு எது வந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. “பெரிய ஆராய்ச்சி, நமக்கு நல்ல மருந்தா கொடுப்பாங்க” என்று நினைத்துச் சேராதீர்கள். எது நல்ல மருந்து என்று தெரியாததால்தானே ஆராய்ச்சியே செய்கிறார்கள்.

மூன்றாவது, ஆரோக்கியமான ஆட்களுக்குப் பணம் கொடுத்துச் செய்வது. காப்புரிமை முடிந்த மருந்தை வேறு கம்பெனி தயாரிக்கும்போது, அது ரத்தத்தில் அசல் மருந்து அளவுக்கே ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஓரிரு இரவு அங்கேயே தங்க வேண்டும், கையில் குழாயைப் பொருத்தி மணிக்கணக்கில் ரத்தம் எடுப்பார்கள். சட்டப்படி நடப்பதுதான், முறையான மையங்களும் உண்டு. ஆனால் அடுத்த மாத வாடகைக்காக ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே மூன்று மாதம் போல இடைவெளி கேட்பது வழக்கம், அது உங்கள் உடம்புக்காகத்தான். அதை மறைத்துச் சேர்த்துவிடுகிறேன் என்று கமிஷன் பேசும் தரகர் வந்தால் கதவைச் சாத்துங்கள். இந்தக் கட்டுரை மற்ற இரண்டு வகைகளைப் பற்றித்தான்.

2. நாமாகப் போய்ச் சேர முடியுமா?

முதல் வகையில் பெரும்பாலும் முடியாது. ஆர்வமாக இருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் காரணம் நியாயமானது. தானாக முன்வருகிறவர்கள் ஊரில் சராசரி ஆட்கள் இல்லை. மெரினாவில் காலை நடை போகிறவர்களை மட்டும் சோதித்துவிட்டுச் சென்னைக்கு ரத்த அழுத்தமே இல்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்? பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை ஐந்து லட்சம் பேரைச் சேர்த்த யு.கே. பயோபேங்க் ஆய்வில், அழைக்கப்பட்டவர்களில் 5.5 சதவீதம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்கள் வராதவர்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று பிறகு அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதனால்தான் தெருவையும் வீட்டையும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் உங்கள் வீடு வந்திருக்கிறது என்றால், “பக்கத்து வீட்ல கேளுங்க, அவங்க சும்மாதான் இருக்காங்க” என்று கைகாட்டாதீர்கள். பக்கத்து வீடு உங்களுக்குப் பதில் ஆகாது.

இரண்டாவது வகைக்கு நீங்களே தேடலாம். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிந்துவைக்கும் சி.டி.ஆர்.ஐ. என்று ஒரு பதிவேடு இருக்கிறது, 2007-இல் தொடங்கியது. 2009 முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டுத் தேடி, ஆட்கள் எடுக்கிறார்களா, சென்னையில் எந்த இடம், வயது என்ன, யாரைச் சேர்க்க மாட்டார்கள், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா என்று பாருங்கள். பொதுமக்கள் கேள்வி கேட்க ஒருவரின் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், காலேஜ் படிக்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம். ஒரு எச்சரிக்கை: பதிவாகியிருப்பதாலேயே நல்ல ஆய்வு என்று அர்த்தமில்லை. முதுநிலை மாணவர்கள் பட்டத்துக்காகச் செய்யும் சின்ன ஆய்வுகளும் அதே பட்டியலில்தான் வரும். பதிவு எண் இல்லாத மருந்து ஆய்வு என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், சேராமல் திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கே வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேளுங்கள், அதிலிருக்கும் நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணை நம்பிக் கூப்பிட்டால் அது சோதனையே இல்லை. ஆய்வுக்காக உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டார்கள். ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீர்கள்.

3. காகிதம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

தகவல் தாள், ஒப்புதல் படிவம் என்று இரண்டு தருவார்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. என் அனுபவத்தில் தமிழ்ப் படிவம் ஆங்கிலத்தைவிடக் கஷ்டமாகக்கூட இருக்கலாம். ‘சீரற்ற ஒதுக்கீட்டிற்கு உட்படுத்தப்படுவீர்’ என்றால் யாருக்குப் புரியும்? வெட்கப்படாமல், “இதைச் சாதாரணமா சொல்லுங்க” என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துப் படித்துக்காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.

அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நான் படிவத்தை இரண்டு நாள் வைத்திருந்து, வீட்டுக்காரரிடமும் எங்கள் தெரு டாக்டரிடமும் காட்டிவிட்டுத்தான் போட்டேன். அவசரப்படுத்துகிறவர் ஆய்வுக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் சொந்த டாக்டராக இருந்தாலும் சரி, “யோசிச்சு சொல்றேன்” என்பதே பதில். உங்கள் சொந்த டாக்டரே ஆய்வையும் நடத்துகிறார் என்றால் மறுப்பது இன்னும் கஷ்டம், தெரியும். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி.

நான் கேட்ட கேள்விகளில் மிகவும் பயன்பட்டது இதுதான்: “பாதியில விலகினா, ஏற்கனவே எடுத்த ரத்தத்தை என்ன செய்வீங்க?” இதற்குச் சரியாகப் பதில் சொல்கிற ஆள், மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார். சில ஆய்வுகளில் மிச்ச ரத்தத்தை அழித்துவிடுவார்கள். சிலவற்றில் வருடக்கணக்கில் குளிர்பதனத்தில் வைத்து, பின்னால் வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்கள். மரபணுச் சோதனையும் அதில் வரலாம். அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்கும் கட்டம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு ‘சரி’, இன்னொன்றுக்கு ‘வேண்டாம்’ என்று போடவும் இடம் இருக்கும். பெயருக்குப் பதில் எண் போட்டுத்தான் வைப்பார்களா, யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மருந்து ஆய்வு என்றால் கூடுதலாக ஒன்று. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் பங்கேற்கும்போது பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். பாதிப்புக்கு ஆய்வுதான் காரணம் என்று முடிவானால் நஷ்டஈடும் தர வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் டாக்டர் தகவல் கொடுத்தாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மயக்கம் வந்தால் கூப்பிட வேண்டிய எண் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பகலிலேயே ஒருமுறை அடித்தும் பாருங்கள்.

நெறிமுறைக் குழு என்று அடிக்கடி வருகிறதே, அது டாக்டர்கள் மட்டும் உட்காரும் குழு இல்லை. குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், நம்மைப் போன்ற சாதாரண ஆள் ஒருவர், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொடர்பு எண்ணும் தகவல் தாளில் இருக்கும். ஆய்வுக் குழுவினர் மேலேயே புகார் என்றால் போக வேண்டிய இடம் அதுதான்.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுடையது. ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வையுங்கள்.

4. சோதனை நாள்

முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதன் பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சென்னையில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று ஆய்வு செய்கிறவர்களுக்கும் தெரியும். எங்கள் முகாம் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆறரை மணிக்கு. எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் “ஐயா, எதுவும் சாப்பிடலையே?” என்று கேட்டதற்கு, “இல்லம்மா” என்றார். மீசையில் காபி நுரை. “காபி?” “காபி சாப்பாடா?” திருப்பி அனுப்பினார்கள், மறுநாள் வந்தார். நீங்கள் குடித்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், இல்லாத சர்க்கரை இருப்பதாகப் பதிவாகும்.

அரைக்கைச் சட்டை அல்லது தளர்ந்த கை உள்ள ரவிக்கை வசதி. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், “மஞ்சள் கலர், சின்னது” என்று சொன்னால் எழுத முடியாது. காலை மாத்திரையைப் போடலாமா என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் 10, 15 மில்லி. ரத்ததானத்தில் 350 மில்லி எடுப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு, ஊதா மூடி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிக்கும் ரத்த அணுக்களுக்கும், மஞ்சளோ சிவப்போ கொழுப்பு முதலியவற்றுக்கு. அப்புறம் சில ஆய்வுகளில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், பிறகு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் அது குமட்டும். மடக்கு மடக்காகக் குடித்தால் தாங்கும். சர்க்கரை நோய் ஏற்கனவே இருப்பவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை, அதனால் உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிபன் டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாவது ஊசி முடிந்ததும் சாப்பிடும் இட்லிக்கு ஈடு கிடையாது.

5. கேள்விகள்

ஊசியைவிட இதுதான் சிரமம். முக்கால் மணி நேரம் போகும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க, கிண்ணம், கரண்டி, டம்ளர் என்று மாதிரி அளவுகளைக் கடைபரப்புவார்கள். “சாம்பார் இந்தக் கரண்டியா, அந்தக் கரண்டியா? எத்தனை கரண்டி?” எண்ணெய்க் கணக்கு வந்தபோது நான் மாதம் இரண்டு லிட்டர் என்றேன். சமையலறையிலிருந்து மாமியார், “பொய் சொல்லாத, நாலு வாங்கறோம். தீபாவளி மாசம் ஆறு” என்றார். நான்கு என்றே எழுதினார்கள். நல்ல பேர் எடுக்கச் சொல்லும் பதில் யாருக்கும் உதவாது. எண்ணெய்க்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைத் தேடுகிறவர்களிடம், ஊரே பாதி எண்ணெயை ஒளித்துவைத்தால் என்ன கண்டுபிடிப்பார்கள்?

குடி, புகை, மாதவிலக்கு, மனக்கஷ்டம் பற்றியெல்லாம் கேட்பார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்பதும் ஒரு பதில்தான். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

6. என்ன கிடைக்கும்

சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்ற ரிசல்ட்டைப் பொதுவாகத் தருவார்கள். பஸ் கட்டணமும் சம்பள இழப்புக்கு ஏதாவதும் தரலாம், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மரபணு ரிசல்ட் பெரும்பாலும் கைக்கு வராது. ஆனால் ஆய்வு என்பது மாஸ்டர் ஹெல்த் செக்கப் இல்லை. என் தோழி ஒருத்திக்கு வேறொரு ஆய்வில் சர்க்கரை அதிகம் என்று ரிசல்ட் வந்தது, ஐந்து மாதம் கழித்து, சாதாரணத் தபாலில். அதிகமாக இருந்தால் எத்தனை நாளில் சொல்வீர்கள், எங்கே அனுப்புவீர்கள் என்று கையெழுத்துப் போடும் முன்னரே கேட்க வேண்டும் என்பதை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

7. அப்புறம் பத்து வருடம்

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பரிசோதிக்க 1968-இல் நம் பக்கத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். அன்று அது செங்கல்பட்டு மாவட்டம். 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போட்டார்கள். பதினைந்து வருடம் பின்தொடர்ந்தபோது கிடைத்த விடை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்க்கு எதிராக உதவுவதால் இன்றும் பிறந்ததும் போடுகிறார்கள். அந்த லட்சக்கணக்கான பேர் மறுபடி மறுபடி சளி மாதிரி கொடுக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் வராமல் போயிருந்தால், ஊசி போட்ட அன்றோடு அந்த ஆய்வு செத்திருக்கும்.

அதற்கும் முன்பு, 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் இன்னொன்றைக் கேட்டது: நோயாளி சானடோரியத்தில், அதாவது காசநோய்க்காகத் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில், படுத்தே ஆக வேண்டுமா, வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதாதா? தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைத்த காலம் அது. 193 நோயாளிகள், ஒரு வருட சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். சென்னையில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். வீடு மாறும், சிம் மாறும், பிள்ளைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் வேலை கிடைத்துக் குடும்பமே கிளம்பும். ஆய்வுக்காரர்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, “தெரியலீங்க, காலி பண்ணிட்டாங்க” என்ற பதிலோடு திரும்புவார்கள். அதனால் சேரும்போதே உங்கள் எண்ணோடு, வீடு மாறாத ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். ஊரில் இருக்கும் அண்ணன், சொந்த வீட்டுச் சித்தி, யாராவது. அவர்களிடமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் லோன் கம்பெனி என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஆய்வுகளில் பங்கேற்றவர் இறந்துபோனால், வீட்டாரிடம் வந்து கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். காய்ச்சலா, நெஞ்சுவலியா, எத்தனை நாள் என்று. மரணச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடிவது பல நேரம் சரியாக இருப்பதில்லை என்பதால் இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள். நீங்கள் சேர்ந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால், துக்க வீட்டில் அந்தக் கேள்வி குத்தும்.

முடியவில்லை என்றால் விலகுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். போனை எடுக்காமல் இருப்பது விலகல் ஆகாது, ஒரு களப்பணியாளர் வெயிலில் நாலு முறை அலைவார், அவ்வளவுதான்.

போன மாதம் நாங்கள் வில்லிவாக்கத்திலிருந்து கொளத்தூருக்கு மாறினோம். பீரோவிலிருந்து படிவத்தை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் புது முகவரி சொன்னேன். எடுத்தது அதே பெண்தான். குறித்துக்கொண்டு, “அக்கா, அங்க மூணாவது மாடி, படியேறிப் போவீங்க. இங்க லிஃப்ட் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்ப அந்தக் கேள்வியையும் மாத்திடறேன்.”